பிரயாணமும் பார்வையும்

பிரயாணம் மனிதனின் கண்களைத் திறக்கிறது என்பது ஏறக்குறைய எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்ட கருத்து. பாடசாலை விவாத மேடைகளில் அதைப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம். கட்டுரையாக எழுதிப் புள்ளிகளும் பெற்றிருக்கிறோம். இக்கருத்தின் அடியில் இன்னொரு கருத்து மறைந்து கிடக்கிறது. மனிதன் பிற மனிதனை இழிவாக எண்ணுவதற்குக் காரணம் அறியாமை. நேரிற் கண்டு பழகினால் அறியாமை நீங்கும். அறியாமை நீங்கினால் இழிவுணர்ச்சியும் தானே நீங்கிவிடும் என்பதே அது. கேட்பதற்கு இனிய தர்க்கந்தான். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத தர்க்கம். ஆனால் அது உண்மையா என்று கேட்க வேண்டிய அவசியம் எனக்கு என் பத்தொன்பதாவது வயதில், மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து பல்லாயிரம் மைல் தொலைவில், ஓர் ஆப்பிரிக்க நகரத்தில், என் சொந்த மாமாவின் குசினி வாசலில் ஏற்பட்டது.

அந்த நகரத்துக்கு நாங்கள் போன கதையைச் சிறிது சொல்ல வேண்டும். 1970களில் இலங்கைத் தமிழ் ஆசிரியர்கள் பலர் ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஒப்பந்த அடிப்படையில் உத்தியோகம் பார்க்கச் சென்றனர். நைஜீரியா, சாம்பியா, எத்தியோப்பியா என்னும் பெயர்கள் நம் கிராமத்துத் திண்ணைகளிலும் அடிபட்ட காலம் அது. உள்நாட்டில் 1956இன் மொழிச் சட்டமும் பின்னர் வந்த பல்கலைக்கழகத் தரப்படுத்தலும் படித்த தமிழ் இளைஞனின் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தன. ஆப்பிரிக்காவிலோ புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகள் ஆசிரியர்களைத் தேடிக்கொண்டிருந்தன. சாம்பியா 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி சுதந்திரமடைந்தபோது, ஏறக்குறைய முப்பத்தைந்து இலட்சம் மக்களுள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஆப்பிரிக்கர்கள் நூறு பேர் அளவிலேதான் இருந்தனர். எழுபது ஆண்டுக்கால வெள்ளையர் ஆட்சி, பூமியைத் தோண்டிச் செம்பையும் ஈயத்தையும் எடுத்துச் சென்ற ஆட்சி, அந்த மக்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன கல்வி அவ்வளவே. புதிய அரசு பாடசாலைகளைத் திறந்துகொண்டே போயிற்று. கற்பிக்க ஆட்கள் வேண்டியிருந்தது. என் தாயின் தம்பி கணித ஆசிரியராகச் சாம்பியாவின் கப்வே நகரத்துக்குச் சென்றது அந்த அலையிலேதான்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியை எங்கள் பகுதியார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். விடிந்தபோது வாவியின் இரு கரைகளிலும் தென்னைகள் சீப்பிலிருந்து உதிர்ந்த பற்களைப் போலக் கிடந்தன. எங்கள் வீட்டுக் கூரை அயலவர் வளவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மாமா தம் ஒப்பந்தத் தவணை முடிவில் கிடைத்த தொகையில் ஒரு பகுதியைக் கூரைக்கு அனுப்பினார். மறு பகுதியில் அம்மாவுக்கும் எனக்கும் விமானச் சீட்டு எடுத்தார். எங்கள் பகுதியில் குடி என்பது தாய்வழியே வருவது. தமக்கையின் பிள்ளைகள்மீது தாய்மாமனுக்குள்ள உரிமையும் கடமையும் சிறியவை அல்ல. 1979 ஜூன் மாதத்தில், பம்பாய், நைரோபி வழியாக, நாங்கள் லுசாக்காவில் இறங்கினோம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நம்பியிருந்த எனக்கு முதல் அதிர்ச்சி குளிர். கப்வே கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய நாலாயிரம் அடி உயரத்தில் உள்ளது. ஜூன், ஜூலை மாதங்களில் அதிகாலையில் வாயிலிருந்து புகை வரும். பூகோளப் பாடத்தில் நல்ல புள்ளிகள் வாங்கியவன் நான். இருந்தும் ஒரு மேற்சட்டைகூடக் கொண்டுபோகவில்லை.

மாமாவின் வீடு வெள்ளைக்கார உத்தியோகத்தர்களுக்காகக் கட்டப்பட்ட பழைய வீடுகளுள் ஒன்று. முன்னால் புல்வெளி, அகன்ற விறாந்தை, கணப்படுப்பு. பின்னால், வளவின் கடைசியில், வேலையாளுக்கென்று ஒற்றை அறை. அந்த அறைக்குச் சாளரம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. முன்வாசலுக்கும் அந்த அறைக்கும் நேர்ப்பாதை கிடையாது; வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நான் இன்று நினைத்துப் பார்க்கிறேன்: அந்த வீட்டைக் கட்டியவன் போய்விட்டான், அவன் கொடி இறங்கிவிட்டது, ஆனால் அவன் போட்ட நிலப்படம் அப்படியே இருந்தது. அதில் குடிவந்தவன் யாராயினும், முன்னே ஓர் எசமானாகவும் பின்னே ஒரு வேலைக்காரனாகவும் பிரிந்து வாழும்படி அந்தச் சுவர்களே கட்டளையிட்டன.

பின்னறையில் இருந்தவருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பேரப்பிள்ளைகள் கண்டவர். கப்வேயின் ஈய, நாகச் சுரங்கத்தில் இளமையைக் கழித்தவர். அங்கு வேலை போன பின் வீட்டுவேலைக்கு வந்திருந்தார். அவரை வீட்டில் தமிழில் ‘பொடியன்’ என்றும், நேரில் அதே பொருள்தரும் ஆங்கிலச் சொல்லாலும் அழைத்தார்கள். என் மாமாவின் பிள்ளைகளுள் மூத்தவளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளும் அப்படியே அழைத்தாள். குசினிக்கு வெளியே, வேலிப்பக்கச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் ஒரு தகரப்பேணி தொங்கியது. தேநீர் அவருக்கு அதில் ஊற்றப்பட்டது.

இதை நான் கவனிக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். கவனித்தவர் என் தாய். வந்த மூன்றாம் நாள் அவர் அந்தப் பேணியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எங்கட வீட்டுப் பேணிதான் மகன்” என்றார். எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. எங்கள் வீட்டுப் பின்விறாந்தையிலும் ஓர் ஆணி இருந்தது. அதிலும் ஒரு தகரப்பேணி தொங்கியது. துணி எடுக்க வரும் கட்டாடியாருக்கும், படுவான்கரையிலிருந்து நெல் குற்ற வரும் கிழவிக்கும் அதில்தான் தேநீர். வீட்டாருக்கும் விருந்தினருக்கும் மூக்குப்பேணி. சூறாவளி கூரையைக் கொண்டுபோயிருந்தது. ஆணியை விட்டுப் போயிருந்தது.

மாமா கொடியவர் அல்லர். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அவர் கொடியவராக இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவையிருந்திராது. மாலை வேளைகளில் பின்தங்கிய மாணவர்களை வீட்டுக்கு அழைத்து, ஒரு சதமும் வாங்காமல், இருட்டும்வரை கணிதம் சொல்லிக்கொடுப்பார். அவர் மாணவர்களுள் சிலர் பல்கலைக்கழகம் புகுந்தனர். அவருக்கு அந்நாட்டின் மொழிகளுள் ஒன்றில் நூறு சொற்களாவது தெரியும். ஆறு ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவர். பிரயாணம் கண்ணைத் திறக்கும் என்றால், அவருடைய கண் எப்போதோ திறந்திருக்க வேண்டும். ஆனால் ஆண்டு ஏற ஏற அவருடைய இழிவுணர்ச்சி தேய்வதற்குப் பதிலாக உரம் பெற்றதாகவே எனக்குத் தோன்றுகிறது. சாப்பாட்டு மேசையில் அவர் அந்த மக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு சொல்லைப் பயன்படுத்துவார். நம் ஊரிலும் வழங்கும் சொல்தான்: ‘காப்பிரி’. தமிழிற் சொன்னால் யாருக்கு விளங்கப்போகிறது என்பது அவருடைய நம்பிக்கை.

ஒருநாள் நான் பின்முற்றத்தில் நின்றபோது அந்தப் பெரியவர் விறகு பிளந்துகொண்டே, மெதுவான ஆங்கிலத்தில், “உங்கள் மொழியிலும் அந்தச் சொல் இருக்கிறதா?” என்று கேட்டார்.

அச்சொல்லின் வரலாறு எனக்கு அப்போது தெரியாது. அராபியரிடம் அது சமயம் சாராதவனைக் குறித்த சொல். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் போர்த்துக்கேயர் அதை எடுத்துக்கொண்டனர். தென்னாபிரிக்க, ரொடீசிய வெள்ளையர்கள் அதையே சாட்டையாகப் பயன்படுத்தினர். சுரங்கத்தில் அந்த மனிதர் தம் வாழ்நாளிற் பாதியை அச்சொல்லின் கீழ்க் கழித்திருந்தார். அதே சொல்லைப் போர்த்துக்கேயர் நம் கரைக்கும் கொண்டுவந்தார்கள். குசினி, அலுமாரி, மேசை, சப்பாத்து, பாண் என்று நாம் அன்றாடம் வழங்கும் சொற்கள் வந்த அதே கப்பலில்தான் அதுவும் வந்தது. அது வெறுஞ் சொல்லாக வரவில்லை. சங்கிலியிட்ட மனிதர்களோடு வந்தது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். அவர்கள் எல்லாரும் போன பின்பும், போர்த்துக்கேயக் கலப்பு மொழி ஒன்றை வீட்டில் பேசும் பறங்கியர் எங்கள் நகரத்தில் தங்கினர். தச்சராகவும் கொல்லராகவும் இயந்திரம் திருத்துவோராகவும் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய திருமண வீடுகளில் வயலின் வாசித்து ஆடப்படும் ‘காப்பிரிஞ்ஞா’வை நான் சிறுவயதில் மதிலேறிப் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டத்தின் பெயரிலேயே ஆப்பிரிக்கர் இருக்கின்றனர் என்பது, ஆப்பிரிக்கா போய்த் திரும்பும்வரை எனக்கு உறைக்கவில்லை.

பெரியவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. ஏதோ ஒரு பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

இனி, கேள்விக்கு வருவோம். ஆறு ஆண்டுகள் நேரிற் கண்டும் பழகியும் ஒருவருக்கு நீங்காத இழிவுணர்ச்சியை அறியாமை என்று அழைப்பது பொருந்துமா? பொருந்தாது என்பதே என் முடிவு. அறியாமைக்கு வாடகை கிடைப்பதில்லை, இழிவுணர்ச்சிக்குக் கிடைக்கிறது. மாமாவின் வீட்டில் அதிகாலையில் அடுப்பு மூட்டியவர், உடை தோய்த்தவர், கடைகளில் மணிக்கணக்காக வரிசையில் நின்றவர் ஒரே மனிதர். அவருக்குக் கொடுக்கப்பட்ட கூலி மாமாவின் சம்பளத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்கிடக் கணித ஆசிரியரான மாமாவுக்குச் சிரமமிருந்திராது. அவர் கணக்கிடவில்லை. தமக்குச் சமமான ஒரு மனிதனிடம் இவ்வளவு உழைப்பை இவ்வளவு சொற்பத்துக்கு வாங்குகிறோம் என்று எண்ணினால் மனம் உறுத்தும். அவன் சமமானவன் அல்லன் என்று எண்ணினால் உறுத்தாது. ஆகவே இழிவுணர்ச்சி முதலில் வந்து சுரண்டல் பின்னர் வரவில்லை. சுரண்டல் நிம்மதியாக உறங்குவதற்கு விரித்த பாய்தான் இழிவுணர்ச்சி. பிரயாணம் அந்தப் பாயை ஏன் சுருட்டப்போகிறது?

நம்மவருக்கு இது புதிய அனுபவமும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குக் கிராணிமாராகவும் இரயில்வே உத்தியோகத்தராகவும் சென்றனர். அங்கே இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழகத் தொழிலாளர்கள் அவர்களுடைய மொழியையே பேசினர். அவர்கள் வணங்கிய முருகனையே வணங்கினர். கிராணிக்கும் கூலிக்கும் இடையே விழுந்த கோடு மொழியாலும் அழியவில்லை, கோயிலாலும் அழியவில்லை. ஏகாதிபத்தியம் ஏணியாகக் கட்டப்பட்டது. உச்சியில் வெள்ளையன், இடைப்படிகளில் நம்மைப் போன்றவர்கள், அடியில் அந்தந்த மண்ணின் உழைப்பாளி. இடைப்படியில் நிற்பவன் மேலேயுள்ள காலின் பாரத்தை நன்றாக உணர்கிறான். தன் காலின் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் மேற்கோள் காட்டும் இனம் என்று நம்மைப் பற்றி நாம் பெருமைகொள்வதில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பாட்டைத் தகரப்பேணியின் முன்னால் நின்று ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

என்னைப் பற்றியும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எங்கள் வீட்டின் புதிய கூரை மாமாவின் பணம். என் மேற்படிப்பின் செலவும் அதுவே. அந்தக் கூரையின் கீழ் இருந்துதான் நான் இவற்றையெல்லாம் சிந்திக்கக் கற்றேன்.

அவ்வாண்டு சாம்பியாவில் சோள மாவுக்குக் கடும் தட்டுப்பாடு. நிசிமா என்னும் சோளக் களி அந்த மக்களின் சோறு. அது இல்லையேல் உண்டதாகவே எண்ண மாட்டார்கள். சவர்க்காரம், சமையல் எண்ணெய் எல்லாவற்றுக்கும் வரிசை. அம்மா பிடிவாதமாக, “நீயும் போய் நில் மகன், அந்த மனிசன் ஒரு ஆள் எவ்வளவுக்கு நிக்கிற?” என்று என்னை ஒரு விடியற்காலையில் அவரோடு அனுப்பினார். ஐந்து மணி நேரம் நின்றோம். யாரோ குப்பை கூட்டி நெருப்பு மூட்டினார்கள். என் மெல்லிய சட்டையைப் பார்த்து ஒரு பெண் சிரித்துவிட்டு, என்னை நெருப்பின் அருகே தள்ளினாள். வறுத்த நிலக்கடலை கைமாறி வந்தது. அங்கேதான் எனக்கு அந்தப் பஞ்சத்தின் காரணம் தெரிந்தது.

தெற்கே ரொடீசியாவில் வெள்ளைச் சிறுபான்மையினர் ஆட்சி செய்துகொண்டிருந்தனர். அந்த ஆட்சிக்கு எதிராகப் போராடியவர்களுக்குச் சாம்பியா இடம் கொடுத்தது. அதனால் 1973இல் எல்லை மூடப்பட்டது. கடற்கரை இல்லாத நாடு. அதன் செம்பு கடலுக்குப் போன பழைய இரயில் வழி தெற்கேதான் சென்றது. அவ்வழியை இழந்தும் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பொறுத்தார்கள். கப்வேயின் வடக்கே கப்பிரி இம்போசியிலிருந்து தார் எஸ் சலாம்வரை 1,860 கிலோமீற்றர் நீளத்துக்குச் சீனத்தின் உதவியோடு புதிய பாதை போட்டார்கள். உலகச் சந்தையில் 1970களின் நடுப்பகுதியில் செம்பின் விலை வீழ்ந்தது, அதையும் பொறுத்தார்கள். மழையும் பொய்த்தது. நாங்கள் போவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான், 1979 ஏப்ரலில், ரொடீசியப் படையினர் லுசாக்கா நகரத்துக்குள்ளேயே புகுந்து தாக்கிவிட்டுப் போயிருந்தனர்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தியாகிகள் என்று நான் சொல்ல வரவில்லை. “அவர்களுடைய விடுதலைக்கு எங்கள் வயிறா விலை?” என்று ஓர் இளைஞன் சத்தமிட்டான். கௌண்டாவின் ஒரு கட்சி ஆட்சியையும், கட்சிக்காரர்கள் பின்வாசலால் மா மூட்டை வாங்கிச் செல்வதையும் பலர் திட்டினார்கள். அந்த இளைஞனுக்குப் பதில் சொன்னவர் எங்கள் வீட்டுப் பெரியவர். அவர் பேசியது அவர்களுடைய மொழியில். பின்னர் வழியில் எனக்கு விளக்கினார்: பக்கத்து வளவில் வீடு எரியும்போது, என் வாளி சிறியது என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டாராம். இளைஞன் சமாதானமடையவில்லை. ஆனால் வரிசையை விட்டுப் போகவுமில்லை.

இந்த மனிதரைத்தான், இந்த மக்களைத்தான், நாகரிகமற்றவர்கள் என்று என் உறவினர்கள் சாப்பாட்டு மேசையிற் பேசிக்கொண்டிருந்தார்கள். தன் அயலானின் விடுதலைக்காகத் தன் தட்டில் குறைத்துக்கொள்ளும் ஒரு தேசத்தை நாகரிகமற்றது என்று சொல்வதானால், நாகரிகம் என்னும் சொல்லுக்கு நாம் வேறு பொருள் தேட வேண்டும்.

அந்த ஓகஸ்டு முதல் வாரத்தில் லுசாக்காவில் பொதுநலவாய அரசுத் தலைவர்களின் மாநாடு கூடியது. எலிசபெத் அரசியார் வந்திருந்தார். ரொடீசியாவின் எதிர்காலம் அங்குப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி சிம்பாப்வே பிறப்பதற்கு வழி திறந்தது. அம்மாநாடு இனவாதத்தையும் இனத் தப்பெண்ணத்தையும் கண்டித்து ஒரு பிரகடனம் வெளியிட்டது. அதை வானொலியில் நாங்கள் எல்லாரும் விறாந்தையில் இருந்து கேட்டோம். மாமாவுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. இலங்கையில் தமிழருக்கு நடக்கும் அநீதியை இப்பிரகடனத்தோடு ஒப்பிட்டு அவர் நீண்ட நேரம் பேசினார். அவர் பேசியதில் ஒரு சொல்லும் பிழையில்லை. பேச்சின் நடுவே தேநீர் வந்தது. கொண்டுவந்தவர் திரும்பிப் போய்க் குசினிக்கு வெளியே, ஆணியிலிருந்து தமது பேணியை எடுத்துக்கொண்டார்.

ஆங்கிலம் அறியாத என் தாய்க்கும் அந்தப் பெரியவருக்கும் இடையே ஏற்பட்ட உறவைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. அம்மா அவரை ‘அண்ணன்’ என்றுதான் குறிப்பிடுவார். மாமி முதலில் சிரித்தார். பிறகு முகஞ் சுளித்தார். ஒரு மாலையில் அம்மா என்னை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு அவரிடம் கதை கேட்டார். எங்கள் பகுதிப் பெண்கள் புதியவரிடம் கேட்கும் முதற் கேள்வியையே கேட்டார்: என்ன குடி? அதை எப்படி ஆங்கிலமாக்குவது என்று நான் தடுமாறினேன். அவருக்குத் தடுமாற்றமே இல்லை. தாம் பெம்பா இனத்தவர் என்றும், தம் குடி மீனின் பெயரைக் கொண்டது என்றும், அது தம் தாயின் குடி என்றும் சொன்னார். தந்தையின் குடி வேறாம். பிள்ளைகள் தாயின் குடியையே சேர்வார்களாம். தாயின் சகோதரனுக்கு ‘யாமா’ என்று பெயராம். மருமக்களின் காரியங்களில் அவர் சொல்லுக்கே மதிப்பாம்.

அம்மா வாயடைத்துப் போனார். வாவிக்கரையில் மட்டுமே உள்ளது என்று அவர் எண்ணியிருந்த முறை இது. வடக்கிலிருந்து வரும் தமிழருக்குக்கூட விளக்கிச் சொன்னாலன்றி விளங்காத முறை. “மாமன் எண்டதுக்கு அவங்கட சொல்லக் கேட்டியா மகன்?” என்று இரவுவரை சொல்லிக்கொண்டிருந்தார். ‘யாமா’வும் ‘மாமா’வும் ஒலியால் ஒத்தது தற்செயல், அதிலிருந்து மொழியாராய்ச்சி செய்யப் புறப்படுவோருக்கு நான் உடன்பாடில்லை. தற்செயல் அல்லாதது வேறு. குடி, தாய், தாய்மாமன், நிலம், மரியாதை ஆகியவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அவ்விருவருக்கும் மொழிபெயர்ப்பாளன் வேண்டியிருக்கவில்லை. நான் இடையில் வெறுமனே இருந்தேன். பல்கலைக்கழகப் பட்டமுள்ள மாமா ஆறு ஆண்டுகளிற் கேட்காத கேள்வியை, ஐந்தாம் வகுப்போடு நின்ற அவருடைய தமக்கை ஆறு வாரத்திற் கேட்டுவிட்டார். பெரியவரின் வேலையால் அம்மாவுக்கு அவ்வீட்டில் இலாபமில்லை. அவரும் குசினியில் அவரோடு சேர்ந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தார். இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன்.

ஊர் திரும்பினோம். கல்லடிப் பாலத்தில் பேருந்து ஏறியபோது வாவியை நான் வேறு விதமாகப் பார்த்தேன் என்று எழுதினால் அது பொய், நித்திரையில் இருந்தேன். வேறு விதமாகப் பார்க்கச் சில காலம் சென்றது. எங்கள் வாவி ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளம். சூரியன் உதிக்கும் பக்கம் எழுவான்கரை. மறையும் பக்கம் படுவான்கரை. பாடசாலைகளும் கந்தோர்களும் ஆசுபத்திரிகளும் பெரும்பாலும் எழுவான்கரையில். நெல்வயலும் மாடும் விறகும் படுவான்கரையில். அவர்கள் விளைத்ததை நாங்கள் உண்டோம். “படுவான்கரையான் போல” என்று எங்கள் வீடுகளில் பிள்ளைகளை ஏசினோம். சாதிக் கொடுமை யாழ்ப்பாணத்திற்குரியது, எங்கள் பக்கம் அது இல்லை என்று பெருமையும் பேசினோம். யாழ்ப்பாணத்தில் 1966 முதல் நடந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் வாசித்து அனுதாபப்பட்ட என் தந்தையின் வீட்டில்தான் அந்த ஆணி இருந்தது. இலங்கையில் அடிமை முறை 1844இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆணிகளைப் பற்றி அச்சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா ஒரு காரியம் செய்தார். கட்டாடியார் வந்த அடுத்த நாளில் மூக்குப்பேணியில் தேநீர் கொடுத்தார். அந்த முதியவர் அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, “அந்தப் பேணியத் தாங்க பிள்ள, இதில குடிச்சா எனக்கு இறங்காது” என்றார். அம்மா அழுதுவிட்டார். நான் அதை அவருடைய அடிமைப் புத்தி என்று எண்ணினேன். அப்போது புதிதாகப் படித்திருந்த நூல்கள் என்னை அப்படி எண்ண வைத்தன. அவர் அஞ்சியது பேணிக்கு அன்று. தெருவில் உள்ள மற்ற வீடுகளுக்கு. எங்கள் ஒரு வீட்டில் அவர் சமமாகிவிட்டால், மற்றப் பத்து வீடுகளில் வேலை போய்விடலாம். ஒரு பக்கத்திலிருந்து மனமிரங்கி நீட்டும் சமத்துவத்தின் விலையை மறுபக்கத்தில் இருப்பவன்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டிற்றான் அவர் அதிற் குடிக்க இணங்கினார். அப்பொழுதும், அம்மா வீட்டிலில்லாத நாட்களில், தகரப்பேணி பழைய ஆணிக்குத் திரும்பிவிடும். பாட்டியின் வேலை அது.

மாமாவின் கதையை முடிக்க வேண்டும். 1983 ஜூலைக்குப் பிறகு ஊருக்குத் திரும்பும் எண்ணத்தை அவர் கைவிட்டார். ஒப்பந்தம் முடிந்ததும் பலரைப் போல இலண்டனுக்குப் போனார். அங்கே அவருடைய பட்டத்தையும் பதினைந்து ஆண்டு அனுபவத்தையும் யாரும் பொருட்படுத்தவில்லை. இரவு வேளைகளில் பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்தார். வெள்ளை இளைஞர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று அவரை எச்சொல்லால் அழைத்தார்கள் என்பதை என்னிடம் சொல்லியிருக்கிறார். இடைப்படியிலிருந்து அடிப்படிக்கு இறங்கிய மனிதன் இப்போதாவது கீழே பார்ப்பான் என்று நான் எதிர்பார்த்தேன். துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்பது நம் இலக்கியங்களில் ஊறிய நம்பிக்கையல்லவா? 1990களில் அவர் ஊருக்கு வந்தபோது, இலண்டனில் தம் தெருவில் குடியிருக்கும் ஆப்பிரிக்கர்களைப் பற்றிப் பேசினார். அதே சொல். நான் பழைய வீட்டை நினைவூட்டினேன். “அவன் நல்ல பொடியன்” என்றார்.

பிரயாணம் கற்பிக்கவில்லை, துன்பமும் கற்பிக்கவில்லை. ஆனால் இவ்விரண்டையும் பழிப்பதற்கு எனக்குத் தகுதி உண்டா என்று பின்னர் ஐயுற நேர்ந்தது.

கப்வே சுரங்கத்தில் 1921ஆம் ஆண்டு ஒரு பழைய மண்டையோடு கிடைத்தது. மனித குலத்தின் வரலாற்றை ஆராய்வோர் இன்றும் பேசும் மண்டையோடு அது. அதை இலண்டனுக்குக் கொண்டுபோனார்கள். திருப்பித் தரும்படி சாம்பியா கேட்டுக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டெடுத்த சுவிற்சர்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் பெயர் சுவிக்லார் என்று நூல்களில் உள்ளது. அவரோடு தோண்டிய ஆப்பிரிக்கத் தொழிலாளியின் பெயர் இல்லை. சுரங்கம் 1994இல் மூடப்பட்டுவிட்டது. அது விட்டுச்சென்ற ஈயம் அந்நகரத்துப் பிள்ளைகளின் இரத்தத்தில் இன்னும் கலந்திருக்கிறது. இவற்றை நான் வாசித்துக்கொண்டிருந்த ஒருநாள், எரிச்சலோடு அம்மாவுக்கும் சொன்னேன். கண்டெடுத்தவனின் பெயரைக்கூட எழுதாதவர்கள் என்ன விஞ்ஞானிகள் என்று கேட்டேன்.

அம்மாவுக்கு அப்போது எண்பதுக்கு மேல். சிறிது நேரம் கழித்து, “எங்கட அண்ணன்ட பேர் என்ன மகன்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவருடைய குடி தெரியும், வேலை தெரியும், வரிசையில் அவர் சொன்ன வார்த்தை தெரியும். பெயர் தெரியவில்லை. உங்களுக்கும் அவர் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“நான் கேக்கச் சொன்னன் தானே மகன், அண்டைக்கு. நீதான் கேக்கல்ல.”